பறவை மனிதர் சாலிம் அலியும் நம் பின்பக்கத்து மரமும்



சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. கூட்டத்துக்கு வராதவர்களுக்காக (வழக்கம்போல அவர்கள்தான் பெரும்பான்மை) சொல்கிறேன். நம் பின்பக்க மதிலை ஒட்டி நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தில் பருந்து கூடு கட்டியிருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் மொட்டை மாடியில் நின்றால் இருபது முப்பது பருந்துகள் வட்டமடிப்பதைப் பார்க்கலாம். அதற்குச் சற்று மேலே மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் போகின்றன. ஒரு பருந்து எஞ்சினில் மாட்டினால் என்ன ஆகும்? ஆகவே மரத்தை வெட்டிவிடலாம், அதுவரை வெடி வைத்துத் துரத்தலாம் என்பது தீர்மானம். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.

இந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்க முடியாது. காற்று கிழக்கிலிருந்து வீசும் நாட்களில் விமானங்கள் திருமுடிவாக்கம், அனகாபுத்தூர் பக்கமாகவே இறங்கு பாதைக்கு வருகின்றன. ஓடுபாதைக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது விமானம் சுமார் 1,000 அடி உயரத்தில்தான் இருக்கும். வெயில் ஏறியதும் சூடான காற்றில் மிதக்கும் பருந்துக்கு அந்த உயரம் ஒரு பொருட்டே இல்லை. மோதலின் வலுவோ வேகத்தோடு சேர்ந்து பெருக்கலாக ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. கூட்டு வட்டி போட்டுப் பழகிய எனக்கு இது சட்டென்று புரிந்தது. 1960 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டனில் கிளம்பிய விமானம் ஒன்று, நம் மைனாவின் சொந்தக்காரக் குருவியான ஸ்டார்லிங் கூட்டத்துக்குள் புகுந்து விழுந்தது. அதில் இருந்த 72 பேரில் 62 பேர் இறந்தார்கள். 2009 ஜனவரியில் நியூயார்க்கில் காட்டு வாத்துகள் மோதி இரண்டு எஞ்சினும் நின்றுபோன விமானத்தை ஆற்றில் இறக்கி 155 பேரும் பிழைத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பறவை வந்தால் என்ன செய்வது என்ற இதே கேள்வியை நாற்பது வருஷத்துக்கு முன்பு நம் அரசாங்கம் ஒரு மனிதரிடம் கொண்டுபோனது. எண்பதைத் தாண்டிய வயது அவருக்கு. காலேஜ் பட்டம் கிடையாது. அவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. மரத்தைப் பற்றி நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

சாலிம் அலி 1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் பிறந்தார். வீட்டில் ஒன்பதாவது, கடைக்குட்டி. ஒரு வயதில் அப்பா போய்விட்டார், மூன்று வயதில் அம்மாவும் போய்விட்டார். தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜியும் அவர் மனைவி ஹமீதா பேகமும் கேத்வாடியில் இருந்த தங்கள் வீட்டில் எல்லாப் பிள்ளைகளையும் வளர்த்தார்கள். மாமா வேட்டைப் பிரியர். பையனுக்கு ஒரு விளையாட்டுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். பையன் அதை வைத்துக்கொண்டு சிட்டுக்குருவி அடித்துத் திரிந்தான். இதை நான் மறைக்கப் போவதில்லை. பறவைகளின் பாதுகாவலர் என்று பாடப்புத்தகத்தில் வருகிறவர், சின்ன வயதில் குருவி சுட்டவர்தான்.

ஒரு நாள் அடித்த குருவியின் தொண்டையில் மஞ்சள் தீற்றல் இருந்தது. இது என்ன குருவி, சாப்பிடக் கூடியதுதானா என்று பையனுக்குச் சந்தேகம். மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டு என்ற வெள்ளைக்காரருக்கு ஒரு கடிதம் எழுதி, குருவியையும் கொடுத்து அனுப்பினார். வருஷம் 1908. மில்லர்டு பையனை விரட்டவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொல்லி, கழகத்தில் பஞ்சடைத்து வைத்திருந்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். படிக்கப் புத்தகம் கொடுத்தார். தோலுரித்துப் பதப்படுத்தவும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். பையன் அதற்குப் பிறகு அந்தக் கழகத்தை விட்டு மனதளவில் வெளியே வரவே இல்லை.

படிப்பு ஏறவில்லை. ஓயாத தலைவலி. நடுவே சிந்துவில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். 1913இல் மெட்ரிகுலேஷன் தட்டுத்தடுமாறித் தேறினார். செயின்ட் சேவியர் கல்லூரியில் சேர்ந்து பாதியில் விட்டுவிட்டு, குடும்பத்தின் சுரங்க வேலையையும் மர வியாபாரத்தையும் பார்த்துக்கொள்ள பர்மாவின் தவாய் பகுதிக்குப் போனார். வியாபாரம் பார்க்கப் போனவர் காட்டில் பறவை பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். 1917இல் ஊர் திரும்பியதும் குடும்பத்தார் அவரை தாவர் வணிகக் கல்லூரியில் சேர்த்தார்கள். வணிகச் சட்டம், கணக்கியல்.

இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். நானும் பி.காம். படித்தவன். பற்று, வரவு என்று முப்பத்தைந்து வருஷம் வங்கியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். அவரும் ஐந்தொகை போடக் கற்றவர் என்று படித்தபோது ஏதோ பங்காளியைப் பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் பிளாட்டர் பாதிரியாரின் தூண்டுதலால் சேவியர் கல்லூரிக்கும் போய் விலங்கியல் கற்றுக்கொண்டார். அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை.

1918 டிசம்பரில் தெஹ்மினாவை மணந்தார். இங்கிலாந்தில் படித்த, வசதியான வீட்டுப் பெண். மறுபடி பர்மா, மறுபடி வியாபாரம். கடைசியில் அது நொடித்துப்போனது. விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் வேலைக்கு முயன்றார். முறையான பட்டம் இல்லையென்று கிடைக்கவில்லை. 1926இல் பம்பாய் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தில் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. மாதம் 350 ரூபாய். அந்தக் காலத்தில் அது நல்ல சம்பளம். இரண்டு வருஷத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு பெர்லினுக்குப் போய், எர்வின் ஸ்ட்ரெஸ்மன் என்ற பேராசிரியரிடம் முறையாகப் பறவையியல் கற்றார். ஹெலிகோலாந்து தீவில் பறவைக் காலில் வளையம் மாட்டும் கலையையும் பழகினார். 1930இல் திரும்பி வந்தால் வேலையே இல்லை. நிதி நெருக்கடியில் அந்தப் பதவியை எடுத்துவிட்டார்கள்.

முப்பத்து மூன்று வயது, மனைவி, கையில் வருமானம் இல்லை. நம் வீட்டில் ஒரு பிள்ளை இப்படி நின்றால் என்ன சொல்வோம்? இவர் பம்பாய்க்கு எதிர்க்கரையில் கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குக் குடிபோனார். அங்கே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன. இவர் நாள் தவறாமல் அவற்றைப் பார்க்க உட்கார்ந்தார்.

நம் பக்கத்துப் பனைகளிலும் தூக்கணாங்கூடு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி, மணி போன்ற நிலையில் நிறுத்திவிடும். பெண் குருவிகள் வந்து உள்ளே நுழைந்து பார்க்கும். பிடித்தால் ஒன்று தங்கும். அதற்குப் பிறகுதான் ஆண் மீதிக் கட்டடத்தை முடிக்கும். முடித்துவிட்டு அடுத்த கூட்டைத் தொடங்கி இன்னொரு பெண்ணுக்குக் காட்டும். பாதி கட்டிய நிலையில் புக்கிங் எடுக்கும் பில்டர் முறை இதுதானே என்று நீங்கள் நினைத்தால் நான் பொறுப்பில்லை. அதுவரை உலகில் யாரும் இதைத் தெளிவாகக் கண்டு எழுதியிருக்கவில்லை. அந்தக் கட்டுரை வெளிவந்ததும் அவர் பெயர் பறவையியலாளர்கள் நடுவே நின்றுவிட்டது.

நான் இதை விரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பறவை ஆராய்ச்சி என்றால் பறவையைச் சுட்டு, தோலை அளந்து, லேபிள் ஒட்டி, இழுப்பறையில் வைப்பது. இவரும் அதைச் செய்தவர்தான். ஆய்வுக்காகச் சுடுவதில் அவருக்குத் தயக்கமே இருந்ததில்லை. ஆனால் கிஹிமில் அவர் கேட்ட கேள்வி வேறு. இந்தப் பறவை இங்கே ஏன் வந்தது, எதைத் தின்கிறது, எப்போது போகிறது என்று பார்த்தார். மீதி ஐம்பது வருஷமும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து சமஸ்தானங்களுக்கு ஒரு விண்ணப்பம் வைத்தார். எனக்குச் சம்பளம் வேண்டாம், பயணச் செலவும் முகாம் செலவும் கொடுத்தால் உங்கள் ராஜ்யத்துப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்று. ஹைதராபாத் முதலில் ஒப்புக்கொண்டது. 1933இல் திருவிதாங்கூர், கொச்சி. அன்றைய திருவிதாங்கூர் என்றால் இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டைப் பக்கமும் சேர்த்தி. ஆக அவர் நம் மண்ணையும் நடந்து பார்த்தவர். பிறகு மைசூர், போபால், குவாலியர், இந்தூர் என்று போய்க்கொண்டே இருந்தார். தெஹ்மினா சொகுசை விட்டுவிட்டுக் கூடாரத்துக்குக் கூடாரம் கூடவே வந்தார். அவர் எழுதியதைத் திருத்தி நல்ல நடையாக்கியதில் அந்த அம்மாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

1939இல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு தெஹ்மினா இறந்துபோனார். குழந்தைகள் இல்லை. சாலிம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. அக்கா கம்மூவும் அத்திம்பேர் ஹசனும் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நாற்பத்தெட்டு வருஷம் அவருக்கு முகவரி அந்த வீடுதான், காட்டில் இல்லாத நாட்களில்.

1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய படப் புத்தகம் வந்தது. பதிப்பு மேல் பதிப்பு கண்டு இன்றும் விற்கிறது. அமெரிக்கர் டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து அவர் எழுதிய பெரிய கையேடு 10 தொகுதிகள், 1968இலிருந்து 1974 வரை வெளிவந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இயற்கை வரலாற்றுக் கழகம் பணமில்லாமல் மூடும் நிலைக்கு வந்தபோது நேருவுக்கு எழுதி உதவி வாங்கிக் காப்பாற்றியவரும் அவர்தான்.

நடுவே ஒரு செய்தி. அவருக்கு மோட்டார் சைக்கிள் பித்து உண்டு. 1950இல் ஸ்வீடனில் நடந்த உலகப் பறவையியல் மாநாட்டுக்கு, தன் சன்பீம் வண்டியைக் கப்பலில் ஏற்றி ஐரோப்பா கொண்டுபோய், அங்கிருந்து ஓட்டிக்கொண்டு போய் இறங்கினார். இந்தியாவிலிருந்தே ஓட்டி வந்திருக்கிறார் என்று சிலர் நம்பிவிட்டார்களாம். அப்போது வயது 53. நம் பி பிளாக் நண்பர் ஐம்பத்தைந்து வயதில் புல்லட் வாங்கியதைக் கேலி செய்தவர்கள் கவனிக்கவும்.

தமிழ்நாட்டில் அவருக்குப் பிடித்த இடங்களில் ஒன்று கோடிக்கரை. வேதாரண்யத்துக்குத் தெற்கே, உப்பளமும் சேறுமான அந்த மூலைக்கு வடக்கிலிருந்து லட்சக்கணக்கில் பறவைகள் குளிர்காலத்துக்கு வருகின்றன. 1960களில் தொடங்கி கழகத்தார் அங்கே வலை கட்டிப் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டி விட்டார்கள். கிடைத்தவர் பம்பாய்க்குத் தெரிவிக்கவும் என்ற வாசகம் அதில் இருக்கும். எங்கோ வெளிநாட்டில் யாராவது அந்த வளையத்தைக் கண்டு எழுதினால், ஒரு பறவையின் பயணச்சீட்டு கையில் கிடைத்த மாதிரி. வயதான காலத்திலும் அவர் அங்கே வந்து முகாமிட்டு விடியற்காலை வலையடியில் நின்றிருக்கிறார். தேனி மாவட்டம் மேகமலையில் 1948இல் பிடிபட்ட ஒரு பழந்தின்னி வௌவால், கழகத்தின் இழுப்பறையில் வேறு பெயரில் கிடந்தது. 1972இல் ஒரு தாய்லாந்து ஆய்வாளர் அது புதிய இனம் என்று கண்டுபிடித்து, அதற்கு சாலிம் அலியின் பெயரை வைத்தார். பறவை மனிதருக்கு வௌவால் மரியாதை.

இப்போது விமானத்துக்கு வருகிறேன்.

ஜெட் விமானம் பெருகிய பிறகு நம் விமானப்படைக்கும் பயணி விமானங்களுக்கும் பறவைகள் பெரிய தலைவலி ஆயின. பருந்தும் கழுகும் மோதி எஞ்சின்கள் கெட்டன, போர் விமானங்கள் விழுந்தன. இரைச்சலோடு மெதுவாக வந்த பழைய விமானம் என்றால் பறவைக்கு ஒதுங்க நேரம் இருந்தது. ஜெட்டின் சத்தம் காதில் விழும் நேரத்தில் ஜெட்டே வந்துவிடுகிறது. உறிஞ்சும் வாய் வேறு பெரியது. சுடு, வெடி போடு, துரத்து என்பதுதான் அதுவரை கைவசம் இருந்த மருந்து.

1980களின் தொடக்கத்தில் பாதுகாப்பு அமைச்சகத்தின் விமானவியல் ஆராய்ச்சி வாரியம் இந்தச் சிக்கலை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திடம் ஒப்படைத்தது. சாலிம் அலி தலைமையில், ராபர்ட் கிரப் முதலிய ஆய்வாளர்கள் நாட்டின் பல விமான நிலையங்களுக்கும் விமானப்படைத் தளங்களுக்கும் போனார்கள். கிஹிமில் தூக்கணாங்குருவியிடம் கேட்ட கேள்வியையே இங்கேயும் கேட்டார்கள். இந்தப் பறவை இங்கே ஏன் வருகிறது?

விடை பெரும்பாலும் ஓடுபாதையில் இல்லை. வேலிக்கு வெளியே இருந்தது. ஆடு மாடு அறுக்கும் இடத்தின் கழிவு, செத்த மாட்டைத் தூக்கிப் போடும் மைதானம், திறந்தவெளிக் குப்பைமேடு. கழுகும் பருந்தும் அங்கே சாப்பிட வருகின்றன. சாப்பாட்டுக்கும் கூட்டுக்கும் நடுவே ஓடுபாதை குறுக்கே கிடக்கிறது. வேலிக்கு உள்ளே என்று பார்த்தால், மழைக்குப் பிறகு புல்லில் பூச்சி பெருகும். அதைத் தேடி ஆட்காட்டியும் உண்ணிக்கொக்கும் வரும். புல்லின் உயரம், தேங்கும் தண்ணீர், பூச்சி இவற்றைக் கவனித்தால் அவை குறையும். வெடிச் சத்தத்துக்கு எந்தப் பறவையும் இரண்டொரு நாளில் பழகிவிடுகிறது. சுட்டாலும், சாப்பாடு இருக்கும்வரை காலி இடத்துக்கு வேறு பறவை வந்து சேர்கிறது. வங்கியில் ஒரு கவுண்டரை மூடினால் வரிசை அடுத்த கவுண்டருக்கு நகர்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1937ஆம் ஆண்டு விமான விதிகளில் 91ஆவது விதி, விமான நிலையத்தின் மையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் திறந்தவெளியில் விலங்கு அறுக்கவோ, பறவையை இழுக்கும் குப்பையும் இறைச்சிக் கழிவும் கொட்டவோ கூடாது என்கிறது. மீனம்பாக்கத்திலிருந்து நாம் அந்தப் பத்து கிலோமீட்டருக்குள்தான் குடியிருக்கிறோம். அந்த விதியில் மரம் என்ற சொல் இல்லை.

அந்த ஆய்வின் காலத்தில் பெரிய அபாயம் என்று கருதப்பட்ட கழுகுகள் பிறகு கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டன. 1990களில் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் வழியாகக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. விமானத்துக்கு நிம்மதி என்று யாரும் கொண்டாடவில்லை. தின்ன ஆளில்லாத பிணங்களுக்குத் தெருநாய்கள் வந்தன. சாலிம் அலி இதைப் பார்க்க இல்லை.

அவருக்கு மரியாதைகள் தாமதமாகவும் மொத்தமாகவும் வந்தன. 1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண். காலேஜ் முடிக்காதவருக்கு அலிகார், டெல்லி, ஆந்திரப் பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டம் கொடுத்தன. பால் கெட்டி பரிசாக வந்த 50,000 டாலரை அப்படியே இயற்கைப் பாதுகாப்பு நிதியாகக் கழகத்துக்குக் கொடுத்தார். 1985இல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினர். அதே வருஷம், அந்த முதல் மஞ்சள் தொண்டைச் சிட்டின் வீழ்ச்சியைத் தலைப்பாக வைத்துத் தன் வரலாறு எழுதினார். 1987 ஜூன் 20 அன்று தொண்ணூறு வயதில் பம்பாயில் காலமானார். 1990இல் கோவையில் அவர் பெயரில் பறவையியல் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. ஆனைகட்டியில் மலையடிவாரத்தில் இருக்கிறது. போகிறவர்கள் பார்க்கலாம்.

அவர் வாழ்க்கையைப் படித்த பிறகு நானும் பின்பக்கத்து மரத்தடியில் ஒரு மாதம் காலை ஏழு மணிக்கு நோட்டும் கையுமாக நின்றேன். கூட்டில் இருப்பது ஒரே ஒரு ஜோடி. மற்றவை அங்கே வசிப்பவை இல்லை. மதிலுக்கு அப்பால் காலிமனையும் ஏரிக்கரைப் பாதையும் சேரும் முனையில் கோழிக் கழிவு மூட்டை விழும் நாட்களில் அவை கூட்டமாக இறங்குகின்றன. மூட்டை விழாத ஞாயிறு மறுநாள் மரத்தைச் சுற்றி அந்த ஜோடிதான்.

கழிவைக் கொட்டுவது யாரோ என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் காக்கை இழுத்துக் கிழித்த கறுப்புப் பையிலிருந்து மீன் செதிளும் சோறும் ஒரு பார்சல் உறையும் வெளியே வந்தன. உறையில் என் பெயர், என் பிளாக், என் ஃபிளாட் எண். மாதா மாதம் நாம் பணம் கொடுத்து அனுப்பும் குப்பை பெருங்குடிக்கோ கொடுங்கையூருக்கோ போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது முந்நூறு அடி தூரம்தான் போயிருந்தது.

அடுத்த பொதுக்குழுவில் மரத் தீர்மானத்தோடு, ஈரக் குப்பையை நம் வளாகத்திலேயே உரமாக்க நான்கு தொட்டி கட்டும் தீர்மானமும் வருகிறது. மதிப்பீட்டை நானே போட்டு அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். கூட்டல் தப்பு இருந்தால் சொல்லுங்கள். பருந்து நோட்டு செக்யூரிட்டி மேஜையில் இருக்கிறது. ஏழு மணிக்கு மாடிக்குப் போகிறவர்கள் எண்ணி, தேதி போட்டு எழுதிவிட்டு வாருங்கள். பேனாவை மட்டும் எடுத்துப் போய்விடாதீர்கள், இது மூன்றாவது பேனா.